காருக்கும் இனிஷியல் வேண்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. லைக் போட்டுவிட்டு ஓட வேண்டாம். நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் கீழே எழுதுங்கள். எதிர்க்கேள்வி கேட்டதற்காக வகுப்பில் யாரையும் நான் அடக்கியதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சென்ற வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். புதிதாக டொயோட்டா கிளான்ஸா வாங்கிய மாப்பிள்ளை படம் போட்டு, "ஒருவழியாக ஜப்பான் தரத்துக்கு வந்துவிட்டோம்" என்று எழுதினார். பலேனோ வைத்திருக்கும் மைத்துனர் உடனே, "நான் நம்ம நாட்டு மாருதியை விட்டு நகர மாட்டேன்" என்றார். பொழுது விடிவதற்குள் நாட்டுப்பற்று, தரம், மறுவிற்பனை விலை என்று எல்லாம் வந்துவிட்டது. இரண்டு பேரும் என் மேல் கோபிக்கக் கூடாது. நீங்கள் இருவரும் வைத்திருப்பது ஒரே காரை.

ஆமாம், ஒரே கார். பலேனோ என்பது சுசுகி வடிவமைத்தது. 2018-இல் டொயோட்டாவும் சுசுகியும் இந்தியாவில் ஒருவர் காரை மற்றவருக்குக் கொடுத்து வாங்குவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 2019-இல் பலேனோ, முகப்பில் டொயோட்டா முத்திரையோடு கிளான்ஸா ஆனது. அடுத்த ஆண்டு அதே கார் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவில் டொயோட்டா ஸ்டார்லெட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. 2022-இல் மாருதி ஷோரூமுக்கு வந்த கிராண்ட் விட்டாரா, கர்நாடகத்தில் பிடதியிலுள்ள டொயோட்டா தொழிற்சாலையில் தயாரானது. ஒருவர் ஜப்பானுக்காகவும் இன்னொருவர் பாரதத்துக்காகவும் சண்டை போட்டீர்களே, கம்பெனிக்காரர்கள் உங்களுக்கு முன்பே சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள்.

இதில் சிரிக்க மட்டும் விஷயம் இருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு எழுதியவன் நான். குழந்தையின் பெயரை எழுதியதும் அடுத்த கட்டத்தில் தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதை இனிஷியல்தான் சொல்லும். கார்களுக்கு இன்று பெயர் இருக்கிறது, இனிஷியல் இல்லை. இரண்டு கம்பெனிகள் கூட்டுச் சேரும்போதும் பிரியும்போதும் பெயர்ப்பலகை மாறுகிறது. ஆனால் யார் வடிவமைத்தது, யார் தயாரித்தது, பிரிந்து போனால் யார் பொறுப்பு என்ற மூன்றும் வாங்குபவன் கண்ணில் படுவதில்லை. இது சரியில்லை, இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் சாரம்.

முதலில் கூட்டு நிறுவனம் என்றால் என்ன என்று பார்ப்போம். உள்ளூர்க்காரர் நிலம், அனுமதி, டீலர்கள், ஊர் நிலவரம் எல்லாம் கொண்டுவருவார். வெளிநாட்டுக்காரர் வரைபடம், இன்ஜின், பெயர் கொண்டுவருவார். பங்கு விகிதம் எழுதிக் கையெழுத்தாகும். இரண்டு பெயரையும் சேர்த்துப் பலகை மாட்டுவார்கள். ஊரே அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமைப்படும். ஆனால் உள்ளே இருக்கும் ஒப்பந்தத்தில் பெயரும் முத்திரையும் யாருடைய சொத்து என்று ஒரு பத்தி இருக்கும். பிரியும் நாளில் அந்தப் பத்திதான் பேசும்.

இதை நம் மாவட்டத்திலேயே கண்ணால் பார்த்தோம். 1995-இல் மஹிந்திராவும் ஃபோர்டும் சரிபாதிப் பங்கில் சேர்ந்து மஹிந்திரா ஃபோர்டு என்று தொடங்கின. எஸ்கார்ட் கார் வந்தது. சில ஆண்டுகளிலேயே ஃபோர்டு தன் பங்கை உயர்த்திப் பெரும்பான்மையாக்கிக்கொண்டது. பலகையிலிருந்து மஹிந்திரா இறங்கியது, ஃபோர்டு இந்தியா என்று ஆனது. பிறகு 2019-இல் அதே இருவரும் மறுபடி சேரப்போவதாக அறிவித்தார்கள். இம்முறை மஹிந்திராவுக்குப் பெரும்பான்மை என்றார்கள். 2020 முடியும் அன்று அதுவும் வேண்டாம் என்று விட்டார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையில் கார் வருவது நின்றது. இரண்டு கம்பெனிகளும் இன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவர்களுக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம். மறைமலைநகர்ப் பக்கம் வீட்டுக்கடன் வாங்கியவனுக்கு இது வாழ்க்கை.

அடுத்தது ஒரகடம். அங்கே முதலில் பேசப்பட்டது மஹிந்திராவும் சேர்ந்த திட்டம். பிறகு மஹிந்திரா விலகியது. ரெனால்ட், நிஸ்ஸான் இருவரும் சேர்ந்த ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அங்கே தயாரான நிஸ்ஸான் மைக்ராதான் ரெனால்ட் பல்ஸ். நிஸ்ஸான் சன்னிதான் ரெனால்ட் ஸ்காலா. ரெனால்ட் டஸ்டர்தான் நிஸ்ஸான் டெர்ரானோ. ஒரே கூரையின் கீழ், ஒரே பிள்ளைகள் கையால் செய்த கார், வாசலைத் தாண்டும்போது ஒன்று பிரெஞ்சுக்காரன், ஒன்று ஜப்பான்காரன். 2025-இல் நிஸ்ஸான் அந்த ஆலையிலிருந்த தன் பங்கை ரெனால்டுக்கே கொடுத்துவிட்டது. அங்கே வேலை செய்யும் என் மாணவர் ஒருவரிடம் "இப்போது என்னப்பா மாறியிருக்கிறது?" என்று கேட்டேன். "வாசல் பலகை மாறும் சார், நட்டு போல்ட்டு அதேதான்" என்றார். பொருளாதாரப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஒரே காருக்கு எத்தனை பெயர் வைக்கலாம் என்று தெரிய வேண்டுமானால் லோகன் கதையைக் கேளுங்கள். 2004-இல் ருமேனியாவில் டாசியா லோகன் என்று பிறந்தது. டாசியா, ரெனால்டின் கையிலிருக்கும் கம்பெனி. ரஷ்யாவிலும் பிரேசிலிலும் ரெனால்ட் லோகன். மெக்ஸிகோவில் நிஸ்ஸான் ஆப்ரியோ. ஈரானில் டோந்தர் 90. நம் நாட்டில் 2007-இல் மஹிந்திரா ரெனால்ட் லோகன். 2010-இல் கூட்டு முறிந்தது. கார் மஹிந்திராவிடம் நின்றது, பெயர் ரெனால்டோடு போயிற்று. அடுத்த ஆண்டு அதே காருக்கு மஹிந்திரா வெரிட்டோ என்று பெயர் சூட்டினார்கள். 2010-இல் லோகன் வாங்கியவரும் 2011-இல் வெரிட்டோ வாங்கியவரும் ஒரே தெருவில் இருந்தால், ஒருவர் வெளிநாட்டுக் கார்க்காரர், இன்னொருவர் சுதேசிக் கார்க்காரர். இடையில் நடந்தது வக்கீல் வேலை மட்டும்தான்.

இனி மாருதிக்கு வருகிறேன். மைத்துனர் கவனமாகப் படிக்க வேண்டும். மாருதி என்றால் வாயு மைந்தன், அனுமன். பெயர் முழுக்க நம்முடையது. 1981-இல் மாருதி உத்யோக் என்ற அரசு நிறுவனம் தொடங்கியது. 1982-இல் சுசுகி 26 விழுக்காட்டுப் பங்கோடு உள்ளே வந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவி கொடுக்கப்பட்டது. அந்தக் காரின் வடிவமே சுசுகியினுடையதுதான். 1992-இல் சுசுகியின் பங்கு பாதி ஆனது, 2002-இல் பாதியைத் தாண்டியது. 2007-இல் மத்திய அரசு மிச்சமிருந்த தன் பங்கையும் விற்று முழுவதும் வெளியேறியது. அதே ஆண்டு கம்பெனியின் பெயர் மாருதி சுசுகி இந்தியா என்று மாறியது. இன்று காரின் முகப்பில் இருப்பது சுசுகியின் 'எஸ்' முத்திரை. வாயுமைந்தன் விளம்பரத்திலும் ரசீதிலும் இருக்கிறார்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அரசு தானே விற்றது. நல்ல விலைக்கு நல்ல கார் வந்தது, லட்சக்கணக்கானவருக்கு வேலை வந்தது. இதையெல்லாம் மறுத்தால் நன்றி கெட்டவன் ஆவேன். நான் சுட்டிக்காட்டுவது வேறு. குருகிராமில் செய்த ஜிம்னி இன்று ஜப்பானுக்கே ஏற்றுமதியாகிறது. அங்கே அதன் பெயர் சுசுகி ஜிம்னி நோமேட். கார் கப்பலேறுகிறது, மாருதி துறைமுகத்தோடு நின்றுவிடுகிறார். நம் ஆட்கள் வேலை செய்தார்கள், நம் மண்ணில் செய்தார்கள், உலகத்தில் வளர்ந்த பெயர் அடுத்தவருடையது. பங்கு யாரிடமோ பெயர் அவருக்கு. இதைத் தெரிந்துகொண்டு பெருமைப்படுங்கள் அல்லது வருத்தப்படுங்கள், உங்கள் விருப்பம். தெரியாமல் சண்டை போடாதீர்கள்.

பெயரை முகமூடியாக மாட்டுவது இதைவிட மோசம். எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். இங்கிலாந்தில் பிறந்த பழைய பெயர். இன்று அதன் சொந்தக்காரர் சீன அரசுக் கம்பெனியான ஷாங்காயின் சாயிக். 2019-இல் எம்.ஜி. ஹெக்டர் இந்தியாவுக்கு வந்தபோது விளம்பரத்தில் ஓர் ஆங்கில நடிகர் வந்து நின்றார். கார் என்னவோ சீனாவில் பாவோஜுன் 530 என்று ஓடிக்கொண்டிருந்த கார். இப்போது நம் நாட்டு ஜே.எஸ்.டபிள்யூ. 35 விழுக்காட்டுப் பங்கோடு சேர்ந்திருக்கிறது. 2024-இல் வின்ட்சர் என்ற மின்சாரக் காரை விட்டார்கள். வின்ட்சர் என்பது ஆங்கில அரச குடும்பத்தின் கோட்டை உள்ள ஊர். காரின் பூர்வீகம் சீனாவின் வூலிங் கம்பெனி. பொருத்துவது குஜராத்தில் ஹாலோல். பணம் போட்டவர்களில் ஒருவர் மும்பைக்காரர். குஜராத் தொழிலாளி, சீன வரைபடம், இந்திய முதல், இங்கிலாந்து அரச குடும்பத்தின் ஊர்ப்பெயர்! கார் நன்றாக ஓடலாம். வாங்கியவர்கள் மகிழ்ச்சியாக இருக்கலாம். ஆனால் எந்த உண்மையை மறைக்க அந்தக் கோட்டையைக் கூட்டிவந்தார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றால் இருவர் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும். சட்டம் அப்படி. பத்து லட்சம் கொடுத்து வாங்கும் காரின் முதுகில் இந்த விவரம் இல்லை. விளம்பரத்திலும் இல்லை. சிறுபிள்ளையின் பிஸ்கட்டுக்குக் காட்டும் அக்கறையை அப்பாவின் பத்து வருடச் சேமிப்புக்குக் காட்டக் கூடாதா?

சீனாவைப் பற்றிச் சொன்னேன். அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. 1994 கொள்கைப்படி வெளிநாட்டுக் கார்க் கம்பெனி அங்கே பாதிக்கு மேல் பங்கு வைத்துக்கொள்ள முடியாது. பயணிகள் கார்களுக்கு 2022 வரை இந்தக் கட்டுப்பாடு நீடித்தது. அதோடு, உள்நாட்டில் தயாரான காரின் பின்புறத்தில் தயாரித்த கம்பெனியின் பெயர் சீன எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2006 முதல் விதி வைத்தார்கள். முன்னால் ஜெர்மன் முத்திரை இருக்கலாம். பின்னால் உள்ளூர்க் கூட்டாளியின் பெயரும் சேர்ந்த கூட்டு நிறுவனப் பெயர், அந்த நாட்டு எழுத்தில். இதைத்தான் நான் இனிஷியல் என்கிறேன். நம்மால் இதைக்கூடக் கேட்க முடியாதா?

ஆனால் சீன வழி முழுவதையும் நான் புகழவில்லை. கூட்டு நிறுவனங்கள் சொந்தப் பெயரில் கார் விட வேண்டும் என்று அங்கே அரசு நெருக்கியது. உடனே புதுப்புதுப் பெயர்கள் பிறந்தன. ஹோண்டாவின் கூட்டு நிறுவனம் லிநியென் என்ற பெயரில் விட்ட முதல் கார், ஹோண்டாவின் பழைய சிட்டியை மாற்றித் தைத்தது. நிஸ்ஸானின் கூட்டு நிறுவனம் வெனூசியா என்று விட்ட முதல் கார், நிஸ்ஸானின் பழைய டீடா. அண்ணன் சட்டையைப் பிடித்துத் தைத்துத் தம்பிக்குப் போட்டுப் புதுச்சட்டை என்று சொல்வது போல. இன்று உலகம் திரும்பிப் பார்க்கும் சீனப் பெயர்களான பி.ஒய்.டி.யும் ஜீலியும் அந்த வழியில் வந்தவை அல்ல. கூட்டாளியின் நிழலில் ஒதுங்காமல் தாமே கற்று வளர்ந்தவை. அரசு உத்தரவு போட்டால் பெயர்ப்பலகை கிடைக்கும். தொழில் கற்றால்தான் பெயர் நிற்கும்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கியது. அசோக் என்பது நிறுவனருடைய மகனின் பெயர். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தினார்கள். 1955-இல் இங்கிலாந்தின் லேலண்ட் பங்குதாரராக வந்தது, அசோக் லேலண்ட் ஆனது. பின்னாளில் தாய்க் கம்பெனியான பிரிட்டிஷ் லேலண்ட் சிதறிப்போனது. லேலண்ட் ஊரிலுள்ள தொழிற்சாலையில் இன்று செய்வது டாஃப் லாரிகள். அந்தப் பெயரை இன்று ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருப்பது எண்ணூரில் பிறந்த கம்பெனி. அரைப் பெயர் கடன் வாங்கியதுதான். ஆனால் சேசிஸும் இன்ஜினும் செய்யும் கை இங்கே வளர்ந்துவிட்டதால் பெயரைப் பிடுங்க யாராலும் முடியவில்லை. ஓசூர் டி.வி.எஸ்.ஸும் அப்படித்தான். டி.வி.எஸ். சுசுகி என்று இருந்தவர்கள் 2001-இல் பிரிந்தார்கள். கதை முடிந்தது என்று பலர் சொன்னார்கள். அதே ஆண்டு தாமே வடிவமைத்த விக்டர் வண்டியோடு வந்தார்கள். பிரிவதற்கு முன்பே படித்து வைத்திருந்த மாணவன் அவர்.

எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கும். சென்னையில் செய்த கார். இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. இங்கே ஸ்டாண்டர்டு கம்பெனி செய்ததால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்டாண்டர்டு என்ற கார்ப்பெயரை இங்கிலாந்தில் 1963-இல் கைவிட்டுவிட்டார்கள். சென்னையில் அது மேலும் இருபத்தைந்து வருடம் உயிரோடு இருந்தது. தாய்நாட்டில் செத்துப்போன பெயரை நாம் வளர்த்தோம்! ஆனால் கடைசி வரை அடுத்தவர் வடிவத்தையே நம்பி இருந்தோம். கடைசியாக வந்த ஸ்டாண்டர்டு 2000-மும் இங்கிலாந்தின் ரோவர் உடல்தான். அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1988-இல் ஸ்டாண்டர்டு கதை முடிந்தது. அம்பாசிடர் இன்னும் பரிதாபம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டாகப் பிறந்து, நம் அரசாங்கத்தின் முகமாகவே ஆன கார். 2014-இல் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பெஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். பிரதமர்கள் போன காரின் மிச்சம் ஒரு பெயர், அதற்கு ஒரு விலைச்சீட்டு.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"சார், கார் நன்றாக ஓடினால் போதாதா? யார் செய்தால் என்ன?" என்பீர்கள். பாதி சரி. கிளான்ஸா வாங்கிய மாப்பிள்ளையிடம் இதற்கு நியாயமான பதிலே இருக்கிறது. டொயோட்டாவின் சர்வீஸ், டொயோட்டா கொடுத்த உத்தரவாதம், அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். பெயர் என்பது ஒரு வாக்குறுதி. அப்படியானால் வாக்குறுதியை விற்கிறோம் என்று சொல்லி விற்கட்டும். பூர்வீகத்தை விற்பதாகக் காட்டி வாக்குறுதியை விற்கக் கூடாது. வாக்குறுதி கொடுத்தவர் ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதும் கேள்விதான். டி.சி.எம். டொயோட்டா, டி.சி.எம். டேவூ ஆயிற்று, பிறகு வெறும் டேவூ ஆயிற்று. பிறகு கொரியாவில் தாய்க் கம்பெனியே கவிழ்ந்தது. டேவூவின் மாட்டிஸ் காரின் அடுத்த தலைமுறை செவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் திரும்பி வந்தது. 2017-இல் செவர்லேயும் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. பலகை மாற மாற, பழைய வண்டிக்காரன் யாரிடம் போய் நிற்பது?

"உலகமே கலந்துவிட்டது, இனி எதற்கு அடையாளம்?" என்பார்கள் படித்த பிள்ளைகள். கலந்துவிட்டது என்பதால்தான் கேட்கிறேன். ஒரே அப்பா, ஒரே ஊர் என்றிருந்த காலத்தில் இனிஷியல் இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். வகுப்பில் ஐந்து செல்வம் இருந்தால்தான் ஆசிரியருக்கு இனிஷியல் தேவைப்படும்.

"நீங்கள் அந்நியப் பொருள் வேண்டாம் என்கிறீர்களா?" இல்லவே இல்லை. ஹூண்டாய் 1996-இல் இங்கே எந்தக் கூட்டாளியும் இல்லாமல் தனியாகவே வந்தது. 1998-இல் சான்ட்ரோ வந்தது. அது கொரியக் கம்பெனி என்று எல்லோருக்கும் தெரியும், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது என்றும் தெரியும். மறைக்க எதுவும் இல்லாததால் அதில் எனக்கு வழக்கும் இல்லை. நேராக வந்த அந்நியனோடு கணக்குப் பேசுவது எளிது. வேறு பெயர் போட்டுக்கொண்டு வருபவரோடுதான் கஷ்டம்.

ஆகவே நான் கேட்பது மூன்று.

ஒன்று, காரின் பின்புறத்தில், பெயருக்குக் கீழே, படிக்கிற அளவு எழுத்தில், வடிவமைத்தவர் யார், தயாரித்தவர் யார், எந்த ஊரில் என்று எழுத வேண்டும். அந்தந்த மாநில மொழியிலும் எழுதினால் இன்னும் நல்லது. ஒரகடத்தில் செய்த காரில் ஒரகடம் என்று தமிழில் இருந்தால் யாருக்கு நஷ்டம்? அதைச் செய்த பிள்ளை தன் மகனுக்குக் காட்டிச் சொல்வான். விளம்பரத்திலும் இதே விவரம் வர வேண்டும்.

இரண்டு, அரசு நிலமும் சலுகையும் வாங்கும் கூட்டு நிறுவனங்கள், பிரிந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே பொதுவில் சொல்ல வேண்டும். பெயர் யாருக்கு, எத்தனை வருடம் உதிரிபாகம் கிடைக்கும், உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு, தொழிலாளிக்கு என்ன ஈடு? கல்யாணத்தின்போதே விவாகரத்தைப் பேசுவது அபசகுனம் என்பார்கள். கார்க் கல்யாணத்தில் அவர்கள் அதை முதல் நாளே பேசி எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

மூன்று, இது என் மாணவர்களுக்கு. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஒப்பந்தத் தொழிலாளியாகவும் பயிற்சியாளராகவும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சீருடையில் இருக்கும் முத்திரை உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தொழிற்சாலை நின்றபோது, அதற்குப் பாகம் செய்துகொடுத்த சிறு பட்டறையில் பதினொரு வருடம் வேலை பார்த்த ஒரு தம்பி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "எல்லோரும் பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்கிறோம் என்று சொல்வோம் சார். கடைசியில் எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை" என்றார். ஈட்டுத்தொகை பேச்சுவார்த்தையில் அவருக்கு நாற்காலியே கிடையாது. ஆனால் அவருக்கு டை செய்யத் தெரியும், இயந்திரத்தில் அளவு பிடிக்கத் தெரியும். அதை வைத்து இன்று வேறு இடத்தில் நிற்கிறார். முத்திரை அவரைக் கைவிட்டது, தொழில் கைவிடவில்லை.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் பொருத்தும் பாகம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருள் வந்துவிட்டால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவின் டெட்ராய்ட் என்று நம் பகுதியைப் புகழ்கிறார்கள். டெட்ராய்டில் கார் பொருத்தியதோடு நிற்கவில்லை, காரை வரைந்தார்கள், அதனால் பெயர் அவர்களுடையதாக இருந்தது. வரையும் மேசை இங்கே பெருகும் வரை பட்டம் மட்டும்தான் நமக்கு, பெயர் அடுத்தவருக்கு.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கார் வாங்கப் போகும்போது மைலேஜும் நிறமும் கேட்பதோடு மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். இது யார் வடிவம்? எங்கே செய்தது? நாளைக்கு உங்கள் கூட்டு முறிந்தால் எனக்கு யார் பதில் சொல்வார்? ஷோரூம் பையன் திருதிருவென்று விழிப்பான். அவனைத் திட்டாதீர்கள், அவனுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நூறு பேர் கேட்டால் ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்து வைப்பார்கள். லட்சம் பேர் கேட்டால் காரின் முதுகிலேயே எழுதுவார்கள்.

தொழிற்சாலைகளில் இருக்கும் மாணவர்கள், நான் எழுதியதில் விடுபட்டது இருந்தால் கருத்துப் பகுதியில் சேர்க்கவும். கம்பெனி பெயரைப் போட்டு வேலைக்கு ஆபத்து தேடிக்கொள்ள வேண்டாம், விஷயத்தை மட்டும் எழுதுங்கள். பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்